நிச்சயதார்த்த மோதிரம் வேற, கல்யாண மோதிரம் வேறயா? சீட்டு எடுக்கும் முன் இதைப் படிங்க!

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கம் போய்விடாதீர்கள். நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். அரசு சிமென்ட் ஆலை இருக்கும் ஊர். அங்கேதான் என் பெரியம்மா மகனுக்குப் பெண் முடிவாகியிருக்கிறது. அண்ணன் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். மதினியாக வரப்போகிறவர் டீச்சர்.

இருவரும் மோதிரம் பார்க்க நகைக்கடைக்குப் போயிருக்கிறார்கள். கடைக்காரர் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்து, "இது என்கேஜ்மென்ட் ரிங், இது வெட்டிங் பேண்ட்" என்றாராம். அன்று ராத்திரி மதினியிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்: "நீங்க பேப்பர்லதானே இருக்கீங்க, சொல்லுங்க. ஒண்ணு போதாதா? ரெண்டும் வாங்கியே ஆகணுமா?"

சாதாரணக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால், மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய மோதிரத்துக்காக மதினி வீட்டில் ஏற்கெனவே சீட்டு எடுத்தாச்சு. பொண்ணுக்கு வைர மோதிரம் போடணும் என்று எங்கள் பெரியம்மாவும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். தீபாவளி முடிந்தால் பட்டாசு ஆலைகளில் வேலை குறைந்துவிடும் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதனால் இது ஃபேஷன் கேள்வி இல்லை, கடன் கேள்வி.

அப்படி என்ன வித்தியாசம்?

மேற்கத்திய வழக்கப்படி இரண்டும் வேறுதான். என்கேஜ்மென்ட் ரிங் என்பது "உன்னைக் கல்யாணம் பண்ணிக்கிறேன்" என்ற வாக்குக்கு அடையாளம். பெரும்பாலும் பெண்ணுக்கு மட்டும் போடுவார்கள். நடுவில் ஒரு கல் எடுப்பாகத் தெரியும், சின்னக் கொக்கிகள் அதைப் பிடித்திருக்கும். வெட்டிங் பேண்ட் என்பது கல்யாண நாளில் இருவரும் மாற்றிக்கொள்வது. கல் இல்லாத, சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கும் பிளைன் மோதிரம். தினமும் விரலில் கிடக்க வேண்டியது என்பதால் அந்த எளிமை.

என்கேஜ்மென்ட் என்றாலே வைரம்தான் என்ற எண்ணம் இவ்வளவு பரவியதில் விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 'வைரம் என்றென்றும்' என்ற பொருளில் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக அந்தப் புகழ்பெற்ற வாசகம் எழுதப்பட்டது 1947-ல். ஆண்களும் கல்யாண மோதிரம் போடுவது மேற்கில் பரவலானதே இரண்டாம் உலகப் போர் சமயத்தில்தான். அதாவது, 'காலங்காலமான மரபு' என்று கடையில் சொல்லப்படுவதில் பாதி, நம்ம தாத்தா பாட்டி காலத்துச் சரக்கு.

நம்ம ஊர்ல என்ன?

நம்மிடம் நிச்சயத்தை உறுதி செய்தது மோதிரம் இல்லை, வெற்றிலை பாக்கு. பெரியவர்கள் சபையில் தட்டு மாற்றினால் பேச்சு முடிந்தது. கல்யாணத்தை உறுதி செய்தது தாலி. மோதிரத்துக்கு வேறு வேலைகள் இருந்தன. ராமன் அனுமனிடம் கொடுத்தனுப்பிய கணையாழி, 'நான் அவருடைய ஆள்தான்' என்று சீதையிடம் நிரூபிக்கும் அடையாளம். கல்யாண வீட்டில் குடத்துத் தண்ணிக்குள் மோதிரத்தைப் போட்டு, யார் முதலில் எடுக்கிறார்கள் என்று பார்ப்பது விளையாட்டு.

தேவாலயத் திருமணங்களில் மோதிரத்துக்கு எப்போதும் முக்கிய இடம் உண்டு. நம்ம பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பலர் அதோடு தாலியும் கட்டுவார்கள். மற்றவர்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தில் 'மோதிரம் மாற்றுதல்' என்று தனியாக ஒரு நிகழ்ச்சி, கேக், டிரோன் ஷாட் எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை.

மோதிரம் போட்டா கல்யாணம் ஆயிடுமா?

இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம். தமிழ்நாட்டில், ஆகும்!

1928-ல் அருப்புக்கோட்டை பக்கத்தில் சுக்கிலநத்தம் கிராமத்தில் பெரியார் தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்லப்படுவது அதுதான். எங்கள் விருதுநகர் மாவட்டத்து ஊர். இப்படிப் புரோகிதர் இல்லாமல் நடந்த கல்யாணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைக்க ரொம்ப வருஷம் ஆனது. அண்ணா முதல்வராக இருந்த 1967-ல்தான் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது.

அந்தப் பிரிவு என்ன சொல்கிறது? உறவினர்கள், நண்பர்கள் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கணவன், மனைவியாக ஏற்பதாகப் புரிந்த மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும். அல்லது ஒருவர் விரலில் ஒருவர் மோதிரம் அணிவித்தால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். இதில் ஏதாவது ஒன்று நடந்தாலே அது செல்லுபடியாகும் இந்துத் திருமணம். 2023-ல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவின் கீழ் நடக்கும் திருமணங்களுக்குப் பெரிய கூட்டமோ பொது அறிவிப்போ தேவையில்லை என்று தெளிவாகச் சொன்னது.

அப்படியென்றால் நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாற்றியவர்களுக்கெல்லாம் கல்யாணம் ஆகிவிட்டதா? இல்லை. அன்று அவர்கள் செய்வது கல்யாணம் இல்லை, கல்யாணம் செய்யப்போவதாக ஒரு வாக்கு. நிச்சயம் ஆகிவிட்டது என்பதற்காக யாரையும் கல்யாணம் பண்ணியே ஆகணும் என்று சட்டம் கட்டாயப்படுத்தாது. அதே மோதிரத்தை, அதே விரலில், கல்யாணம் என்று எண்ணி சாட்சிகள் முன்னால் இருவரும் போட்டுக்கொண்டால் அது வேறு கதை.

ஆக, வித்தியாசம் கல்லிலும் இல்லை, காரட்டிலும் இல்லை. எந்த நாளில், என்ன எண்ணத்தோடு போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. இதைத்தான் மதினிக்கு முதலில் எழுதினேன்.

காசு கணக்கு

நம்ம வீடுகளில் தங்கம்தான் அவசர வங்கி. ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி, சீசன் இல்லாத மாசம் என்று எதற்கும் கை போகும் இடம் அதுதான். நகைக்கடன் தரும்போது கல்லின் எடையைக் கழித்துவிட்டு, சுத்தமான தங்கத்துக்குத்தான் மதிப்புப் போடுவார்கள். வைர மோதிரங்கள் பெரும்பாலும் 18 காரட், அதாவது 750. 22 காரட் மென்மையாக இருப்பதால் கல்லை இறுக்கிப் பிடிக்காது. கல்லுக்குக் கொடுத்த காசு அடகுக்கடையில் திரும்ப வராது. பிளைன் மோதிரம் என்றால் 916-ல் கிடைக்கும், செய்கூலி சேதாரமும் பொதுவாகக் குறைவு. எது வாங்கினாலும் ஹால்மார்க்கோடு ஆறு இலக்க எச்யூஐடி எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரலில் இருந்து அது கட்டாயம்.

இன்னொன்று. அண்ணன் வேலை செய்யும் இடத்தில் உரசலும் தீப்பொறியும்தான் எமன். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாரத்தில் ஆறு நாள் பீரோவில் தூங்கப்போகிற மோதிரத்துக்கு எதற்கு ஒரு பவுன்?

கேட்டு வாங்கினால் அது பரிசு இல்லை

"மாப்பிள்ளைக்கு ஒரு பவுன்ல மோதிரம் போட்டுருங்க, அது முறைதானே" என்று சிரித்துக்கொண்டே சொல்லப்படும் வார்த்தையைக் கவனியுங்கள். 1961-ம் வருஷ வரதட்சணைத் தடைச் சட்டப்படி, கல்யாணத்துக்கு முன்போ, கல்யாணத்தின்போதோ, பிறகோ, அது தொடர்பாகக் கேட்பதே குற்றம். நிச்சயதார்த்த மேடை அதற்கு விலக்கு இல்லை. கேட்காமல் அன்பாகக் கொடுப்பது வேறு. அதற்கும் பட்டியல் எழுதி வைக்கச் சொல்கிறது சட்டம். பெண்ணுக்குப் போடும் மோதிரம் பெண்ணுடைய சொத்து. பிறகு அதை மாமியார் பீரோவில் வைத்துப் பூட்டினாலும் அவளுடையதுதான்.

"அப்போ ஆசைக்கு ஒரு வைர மோதிரம் வாங்குறது தப்பா?" என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. சொந்தச் சம்பளத்தில், பிடித்தவருக்கு, கடன் இல்லாமல் வாங்கினால் அதைவிட அழகு வேறென்ன! ஆனால் கடைக்காரர் இரண்டு தட்டு வைத்தார் என்பதற்காக இரண்டு வாங்க வேண்டியதில்லை.

என் கருத்து இதுதான். நிச்சயத்துக்கு வெற்றிலை பாக்கு போதும், அது நூறு தலைமுறைக்குத் தாங்கிய ஒப்பந்தம். மோதிரம் வேண்டும் என்றால் கல்யாண நாளில், இருவருக்கும் ஒரே எடையில், பிளைனாக ஒன்று. பெண் வீடு ஒன்று, மாப்பிள்ளை வீடு ஒன்று என்று இல்லாமல், கட்டிக்கப்போகிற இரண்டு பேரும் சேர்ந்து வாங்கட்டும். மறக்காமல் 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். நாளைக்குக் கல்யாணத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டி வந்தால் விரலைவிடச் சான்றிதழ்தான் கைகொடுக்கும்.

இதையெல்லாம் நீளமாகத் தட்டி அனுப்பினேன். மதினியிடமிருந்து ஒரே வரி பதில் வந்தது: "சரி, சீட்டுக் காசை அப்பாகிட்டயே திருப்பிக் குடுத்துர்றேன். பெரியம்மாகிட்ட நீங்க பேசுங்க."

அதுதான் கஷ்டமான வேலை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன்.