கறுத்த நேந்திரனைக் கழிச்சுப் போடாதீங்க

நேந்திரன் பழத்துத் தோல்ல கரும்புள்ளி விழுந்தா கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறவங்க டவுன்ல நிறையப் பேர் இருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க, உங்களைத்தான் சொல்றேன். கடையில ஒரு புள்ளி இல்லாம மஞ்சளா இருக்கறதாப் பார்த்து எடுக்கறீங்க. அதுவே வீட்டுல நாலு நாள் கிடந்து கறுத்தா குப்பை வண்டியில போடறீங்க. நீங்க குப்பையில போட்டதுதானுங்க பழம். கடையில மஞ்சளா இருந்தது முக்காக் காய்.

பூவனும் ரஸ்தாளியும் மஞ்சளானா உரிச்சுத் தின்னலாம். நேந்திரன் அப்படி இல்லை. அதுல மாவு ஜாஸ்தி. அந்த மாவு மெல்ல மெல்ல சர்க்கரையா மாறோணும். தோல் கறுக்கக் கறுக்க உள்ளே இனிப்பு ஏறும். பாதிக்கு மேல கறுத்த பழத்தை அமுக்கினா மெத்துனு இருக்கும், உரிச்சா உள்ளே பொன்னாட்டம் இருக்கும். பொரிக்கறதுக்கு அதுதான் பதம்.

இது தெரிஞ்சவன் பாலக்காட்டைத் தாண்டி இருக்கறான். அங்கே எந்த டீக்கடைக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பழம்பொரி இருக்கும். ஆனா அந்தப் பழத்துல கணிசமானது எங்கிருந்து போகுதுன்னு நினைக்கறீங்க? பவானி, கோபி, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம்னு நம்ம பவானி ஆத்துத் தண்ணியில விளைஞ்சது லாரி ஏறிப் போகுதுங்க. விளைவிக்கறவன் இங்கே, ருசிச்சுத் தின்கறவன் அங்கே.

நமக்குப் பொரிச்சது பிடிக்காதுன்னும் சொல்ல முடியாது. மழை தூறினா வாழைக்காய் பஜ்ஜிக்கு வரிசையில நிக்கறோம். காயைப் பொரிச்சா நம்ம பலகாரம், பழத்தைப் பொரிச்சா மலையாளத்துப் பலகாரமா? கன்னியாகுமரிப் பக்கம் ஏத்தன்பழத்துல சுட்டுத் தின்கறாங்க. மலேசியாவுல நம்ம சனங்களே பிசாங் கோரெங்னு தெருவோரத்துல வாங்கித் தின்கறாங்க. நைஜீரியாவுல கறுத்த பெரிய வாழைப்பழத்தை வறுத்து டோடோன்னு சோத்துக்கே தொட்டுக்கறாங்க. உலகமே தின்கறதை நாம மட்டும் குப்பையில போடறோம்.

இதுல உனக்கென்னய்யா நட்டம், நீதான் வித்துட்டியேன்னு கேப்பீங்க. சொல்றேன் கேளுங்க. ஓணத்துக்கு வெட்டோணும்னா முந்தின ஐப்பசி, கார்த்திகையிலயே கன்னு நட்டாகோணும். பத்து மாசத்துக்குத் தண்ணி, எரு, ஆளுக்கூலி. குலை தள்ளினதும் ஆடிக்காத்துக்குச் சாயாம மரத்துக்கு மரம் முட்டுக் குடுக்கோணும். இத்தனையும் பண்ணிட்டு, கேரளாக்காரன் வாங்குவானான்னு மேற்கே பார்த்துட்டு உக்காந்திருக்கோம். ஓணம் வரைக்கும் விலை நிக்கும். அது முடிஞ்சா சரசரன்னு இறங்கும்.

2018 ஆகஸ்ட்டை நினைச்சுப் பாருங்க. கேரளாவே வெள்ளத்துல மூழ்கி, அரசாங்க ஓணக் கொண்டாட்டத்தையே நிறுத்திட்டாங்க. அதே மாசம் இங்கே பவானியிலயும் ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள வந்துச்சு. ஒரே பண்டிகையை, ஒரே மாநிலத்தை நம்பி நின்னா இப்படித்தான், அங்கே மழை பேஞ்சா இங்கே அடுப்பு அணையும். 2020 நவம்பர் 1-லிருந்து கேரள அரசு 16 விளைபொருளுக்கு அடிப்படை விலை வெச்சுது. நேந்திரனுக்குக் கிலோ 30 ரூபாய். நல்ல காரியம். ஆனா அது அவங்க மண்ணுல விளையறதுக்கு. நம்ம தோட்டத்துத் தாருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

அப்ப நமக்கு யாருங்க தாங்கல்? கோயமுத்தூரும் சென்னையும்தான். நீங்க மாசத்துக்கு ரெண்டு தடவை ஒரு சீப்பு நேந்திரன் வாங்கினாப் போதும்.

நீங்க பளபள மஞ்சளே வேணும்னு நிக்கறதால இன்னொரு கேடும் வருது. சில வியாபாரிங்க கார்பைடு கல்லு வெச்சுப் பழுக்க வெக்கறாங்க. அதைச் சட்டம் தடை பண்ணியிருக்கு. எத்திலீன் வாயுவை அளவோட விட்டுப் பழுக்க வெக்கறதுக்குத்தான் அனுமதி. கல்லு வெச்ச பழம் மேல தங்கமா மின்னும், உள்ளே கட்டையாட்டம் கிடக்கும். அதைப் பொரிச்சுட்டு, பழம்பொரின்னா சப்புனு இருக்குதுன்னு எங்க மேல பழி போடாதீங்க.

செய்யறது சுலபம். பச்சையா வாங்கி காகிதத்துல சுத்தி அரிசி டப்பாவுக்குள்ள வையுங்க. ஃபிரிட்ஜுல வெக்காதீங்க. குளிருல தோல் கறுக்கும், ஆனா உள்ளே பழுக்காது. புளிச்ச வாடை அடிச்சாலோ, பூசணம் பூத்தாலோ, தண்ணி ஒழுகினாலோதான் கெட்டது. கறுப்பு மட்டும் கேடில்லை.

ரெண்டு பழத்தை நீளவாக்குல மூணு மூணாக் கீறிக்குங்க. ஒரு டம்ளர் கோதுமை மாவு, ரெண்டு கரண்டி அரிசி மாவு, துளி மஞ்சத்தூள், உப்பு, தட்டின ஏலக்காய் போட்டு, தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக் கரையுங்க. சர்க்கரை வேண்டாம், பழத்துல இருக்கறதே போதும். ஒரு சொட்டு மாவு விட்டா உடனே மேல வர்ற சூட்டுல கடலெண்ணெய் இருக்கோணும். சூடு பத்தலைன்னா எண்ணெய் குடிக்கும், மீறினா உள்ளே வேகறதுக்கு முன்னாடி வெளியே கருகும். நிதானமாத் திருப்பிப் போட்டுப் பொன்னிறத்துல எடுங்க.

எண்ணெய் ஆகாதா? மாவே வேண்டாம். தோசைக்கல்லுல ஒரு கரண்டி நெய் விட்டு, வட்டமா நறுக்கி ரெண்டு பக்கமும் வாட்டுங்க. அஞ்சு நிமிஷ வேலை. சர்க்கரை நோய் இருக்கறவங்க தின்ன வேண்டாம், பேரன் பேத்திக்குக் குடுங்க. பாக்கெட்டுல அடைச்சு வர்ற சிப்ஸுக்கு இது எவ்வளவோ மேலுங்க.

விவசாயியைக் காப்பாத்துங்கன்னு பொங்கலுக்குப் பொங்கல் போன்ல படம் அனுப்பறீங்க. அந்தப் படம் எனக்கு வேண்டாமுங்க. அடுத்த தடவை காய்கறிக் கடையில புள்ளி விழுந்த நேந்திரனைத் தள்ளி வெக்காம பையில எடுத்துப் போடுங்க. கடைக்காரர் கழிச்சு வெச்சிருந்தா, "அதையும் குடுங்க"ன்னு கேட்டு வாங்குங்க. கறுத்தது விலை போகும்னு தெரிஞ்சா அவரும் எங்ககிட்ட வாங்கறப்ப அடிச்சுக் கேக்க மாட்டாரு.