உப்புக் காற்றும் கிராபீனும்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி நீண்டகாலம் வாழ்ந்த தீவுகள். இவற்றுக்கான கலப்பு மின்திட்டம் 2021இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது, இந்தியா ஆட்சேபித்தது. பின்னர் 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில், 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாற் சூரியமின், 530 கிலோவாற் காற்றுமின், 2,400 கிலோவாற்-மணி மின்கலச் சேமிப்பு என்பது திட்டம். யார் கட்டுவது என்று ஏடுகள் நிறையவே எழுதின. கட்டியது எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று கேட்டவர் சிலரே.

தீவுகளில் மின்னணுக் கருவிகளின் முதற்பகை உப்பு. சுற்றுப்பலகையிற் படியும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, மின்சாரம் போகக்கூடாத வழியிற் கசிகிறது, செம்பு அரிக்கப்படுகிறது. பழுதானால் உதிரிப்பாகம் குறிகட்டுவானிலிருந்து படகில் வரவேண்டும்.

இங்கேதான் கிராபீன் நம் கவனத்துக்கு வருகிறது. ஓர் அணுத் தடிப்பே உள்ள இந்தக் கரித்தகட்டை 2004இல் மான்செஸ்டரில் பிரித்தெடுத்த கெய்ம், நோவோசெலோவ் இருவரும் 2010இல் நோபல் பரிசு பெற்றனர். சிலிக்கனின் இடத்தை அது இன்னும் பிடிக்கவில்லை. மின்னோட்டத்தை முற்றாக நிறுத்தும் இயல்பு அதற்கு இல்லாததே காரணம். ஆனால் பிளாஸ்ரிக்கிற் சிறிதளவு கலந்தால் நிலைமின்னை வடியச் செய்யும், மின்காந்த இடையூற்றைத் தடுக்கும், வெப்பத்தைப் பரப்பும். உலோகத்தின்மேற் பூசினால் ஈரத்தையும் மறிக்கும். எனினும் பூச்சில் ஓட்டை விழுந்தால், அதே கிராபீன் அடியிலுள்ள உலோகத்தின் அரிப்பை விரைவுபடுத்தவும் கூடும். ஆகவே ஆய்வுகூடச் சான்றிதழ் போதாது. உப்புக் காற்றிலேயே சோதிக்கவேண்டும்.

கிராபீனின் தாய்ப்பொருளான காரீயம் நம் நாட்டிலேயே உண்டு. போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் நரம்புக் காரீயம் தூய்மைக்கு உலகப் புகழ் பெற்றது. இலங்கை நனோதொழில்நுட்ப நிறுவகம், தனியார் துறையோடு சேர்ந்து கிராபீன் உற்பத்தியிலும் இறங்கியது. லிதியம் அயன் மின்கலங்களின் எதிர்மின்வாயிலும் பெரும்பாலும் காரீயமே இருக்கிறது. மூலப்பொருளை விற்று, முடிந்த பொருளை வாங்குவதே நமது பழைய வழக்கம்.

நெடுந்தீவின் கடற்கரையில் ஒரு சிறு சோதனைக்களம் அமைப்பது பெருஞ்செலவன்று. பூச்சிட்ட பலகைகளையும் பூச்சிடாத பலகைகளையும் அருகருகே வைத்து, இரண்டு பருவமழை தாண்டும்வரை அளந்து பார்த்தாற் போதும். கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது, மாணவர்களும் இருக்கிறார்கள். எந்த நாடு கட்டினாலும் திறப்பு விழாவோடு அதன் வேலை முடிந்துவிடும். அதன்பின் அந்தக் கருவிகளைக் காப்பதற்கான அறிவு தீவுக்கு அருகிலேயே இருக்கவேண்டும். அதை எவரும் நன்கொடையாகத் தரப்போவதில்லை.