தாக்கி விளையாடுறவரிட்ட மட்டும் ஏன் ‘தயாரோ?’ எண்டு கேக்கிறியள்?

2025 ஒக்ரோபர் 18ஆம் திகதி செல்சியிடம் 0-3 என்று தோற்று இருபது நிமிடம்கூட ஆகவில்லை, நொட்டிங்ஹாம் பொரஸ்ட் தன் பயிற்றுநர் அஞ்ச் பொஸ்டெகோக்லுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மொத்தம் 39 நாள். அன்றிரவு எங்கட வட்ஸ்அப் குழுக்கள் எல்லாத்திலயும் ஒரே தீர்ப்பு: “தாக்குதல் ஆட்டம் சின்ன இடத்தில எடுபடும். பெரிய கழகத்துக்கு அந்தாள் தயாரில்லை.” முதல் நாள் வரைக்கும் பொரஸ்ட் எந்த ஊர்க் கழகம் என்று தெரியாதவையும் அதையே எழுதிச்சினம்.

எங்களுக்குப் பிரச்சினை அஞ்ச் இல்லை. அந்த ‘தயார்’ எண்ட சொல்லுத்தான். ஒரு பயிற்றுநர் பத்துப் பேரைப் பெட்டிக்குள் நிறுத்தி 0-0, 1-0 என்று காலம் தள்ளினால் அவரை ‘அனுபவசாலி’ என்கிறோம். அவர் தோற்றால் ‘வீரர்கள் சரியில்லை’. முன்னுக்குப் போய் விளையாடுங்கோ என்று சொல்லிக்கொடுக்கிறவர் தோற்றால் மட்டும் அது அவருடைய கொள்கையின் தோல்வியாகிவிடுகிறது. அவருக்கு மட்டும் நுழைவுப் பரீட்சை. அதிலும் அந்தப் பயிற்றுநர் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்தவர் என்றால் பரீட்சைக்கு அனுமதி அட்டையே கிடைக்காது.

இங்கிலாந்தை விட்டுவிட்டுக் கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கோ. கோயம்புத்தூர், நேரு விளையாட்டரங்கு, 2019 மார்ச் 9. சென்னை சிற்றி எப்சி (பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர்) ஐ-லீக்கின் கடைசி ஆட்டத்தில் மினெர்வா பஞ்சாப்போடு விளையாடுகிறது. வென்றால் சம்பியன். ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் விளையாடிக்கொண்டிருக்கிறது. 3ஆவது நிமிடத்திலேயே மினெர்வா கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை 0-1. அந்த இடத்தில் எங்கட ஊர்க் கழகங்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்: பந்தைத் தூக்கி அடி, கடவுள் விட்ட வழி. சென்னை சிற்றி தன் ஆட்டத்தையே விளையாடியது. பெட்ரோ மன்ஸி தண்ட உதையில் சமன் செய்தார். பிறகு இரண்டு கோலையும் அடித்தது கௌரவ் போரா. அவர் பின்கள வீரர். 3-1. ஈஸ்ட் பெங்காலும் வென்றது, ஆனால் 43 புள்ளிக்கு 42. தமிழ்நாட்டுக் கழகமொன்று ஐ-லீக்கை வென்றது அதுதான் முதல் தடவை.

அந்த அணியின் பயிற்றுநர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். அவர் பொறுப்பேற்பதற்கு முந்தைய பருவத்தில் சென்னை சிற்றி பத்துக் கழகங்களில் 8ஆம் இடம். அவர் கையில் கிடைத்தவை ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் விளையாடிய சில பேர், சுற்றிவரத் தமிழ்நாட்டுப் பொடியள்: எட்வின் சிட்னி வன்ஸ்போல், மைக்கல் ரெஜின், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், பிரவிட்டோ ராஜு. இவர்களை வைத்து, கோல்காப்பாளரின் காலிலிருந்தே பந்தைக் கட்டிக்கொண்டு வந்து, 20 ஆட்டங்களில் 48 கோல் அடித்தார்கள். மன்ஸி மட்டும் 21. தோல்விகளும் இருந்தன, கோல் வாங்கியதும் இருந்தது. ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர் எவரும் ‘அதிர்ஷ்டம்’ என்று சொல்லமாட்டார்.

அடுத்தது என்ன நடந்தது? எட்வின் சென்னையின் எப்சிக்குப் போனார். ஸ்பானிய மத்தியகள வீரர் நெஸ்டர் கோர்டியோவை ஹைதராபாத் எடுத்தது. ரொமாரியோ பிறகு எப்சி கோவாவுக்குப் போனார். அதாவது அவர் பழக்கிய கால்கள் எல்லாம் இந்தியன் சுப்பர் லீக்குக்குத் தயார். பழக்கியவரோ 2019-20 பருவம் தொடங்கும்போது இன்னும் கோயம்புத்தூரில்தான் நின்றார். அந்தப் பருவத்தை சுப்பர் லீக்கின் பத்துக் கழகங்களும் எந்தப் பயிற்றுநர்களோடு தொடங்கின என்று எண்ணிப் பாருங்கோ. பத்துக்குப் பத்து ஐரோப்பியர். அதில் ஐந்து பேர் ஸ்பானியர். இந்தியர் ஒருவரும் இல்லை, வேறு ஆசியர் ஒருவரும் இல்லை. 2017இல் ஐசோல் போன்ற சின்னஞ்சிறு கழகத்தை ஐ-லீக் சம்பியனாக்கிய காலித் ஜமீலே 2021 வரை காத்திருந்துதான் சுப்பர் லீக்கில் நிரந்தரத் தலைமைப் பயிற்றுநரானார். அப்படியொரு பதவியில் அமர்ந்த முதல் இந்தியரும் அவர்தான்.

இனி நாங்கள் சொல்ல வருவதற்கு உண்மையான சோதனை: சென்னையின் எப்சி. 2019 நவம்பர் முடிவு. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை, பட்டியலின் அடிப்பகுதியில் கிடக்கிறது, ஜோன் கிரகரி விலகிவிட்டார். அதே மாநிலத்தில், ஒரு இரவு ரயில் தூரத்தில், எட்டு மாதத்துக்கு முன் 48 கோல் அடித்துச் சம்பியனான ஒருவர் இருக்கிறார். கழகம் கூப்பிட்டது ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஓவன் கொய்லை.

கொய்லும் தாக்குதல் ஆள்தான், அதனால்தான் அவரை இங்கே இழுக்கிறோம். அவருடைய பழைய கணக்கைப் பாருங்கோ. 2009இல் பேர்ன்லியை பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோனார், அது பெரிய வேலை. பிறகு போல்ற்றன், 2012இல் தரமிறக்கம். விகனில் ஒரு அரைப் பருவம், வெளியே. பிளக்பேர்னில் பருவம் முடிய முதலே வெளியே. இப்படியொரு பட்டியல் ஒரு ஆசியப் பயிற்றுநரின் பெயருக்குக் கீழே இருந்திருந்தால் அவரைச் சென்னையில் ஒரு பயிற்சிப் பாசறைக்காவது கூப்பிட்டிருப்பினமோ? கொய்லைப் பற்றி ‘தயாரோ?’ என்ற கேள்வியே எழவில்லை. விழுந்த இடம் பிரீமியர் லீக் என்றால் விழுந்ததும் அனுபவக் கணக்கில் சேரும் போல.

அதுக்காக அவர் செய்ததை நாங்கள் மறைக்கப் போறதில்லை. கொய்ல் வந்தபின் சென்னையின் ஆட்டம் வேறு ஆட்டம். பருவ முடிவில் 4ஆம் இடம். அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 4-1 என்று அடித்து, அங்கே போய் 2-4 என்று தோற்று, மொத்தம் 6-5இல் இறுதிக்குப் போனார்கள். இரண்டு ஆட்டத்தில் பதினொரு கோல்! நெரியஸ் வல்ஸ்கிஸ் 15 கோலோடு தங்கப் பாதணியை எடுத்தார். 2020 மார்ச் 14, கொவிட் காரணமாகப் பார்வையாளரே இல்லாத ஃபதோர்டா மைதானத்தில் அன்ரோனியோ ஹபாஸின் ஏடிகேயிடம் 1-3 என்று தோற்றார்கள். பிறகு கொய்ல் ஜம்ஷெட்பூருக்குப் போய் 2021-22 லீக் கேடயத்தை வென்றார். ஒரு கழகம் ஒருவரிடம் அணியைக் கொடுத்து ‘நீ விளையாடுற மாதிரி விளையாடு’ என்று விட்டால் இப்படியும் நடக்கும். அக்பருக்கு அப்படி ஒரு வாசல் திறந்திருந்தால் அவரும் இறுதிக்குப் போயிருப்பார் என்று நாங்கள் சத்தியம் செய்யவில்லை. தோற்றிருக்கவும் கூடும். தோற்பதற்கும் ஒரு இடம் வேண்டும் என்கிறோம்.

இந்த இடத்தில் எங்கட குழுவுக்குள்ளேயே ஒருவர் மறித்தார்: “அப்ப கிபு விகூனா?” நல்ல கேள்வி. 2019-20இல் மோகன் பகானை அழகான ஆட்டத்தோடு ஐ-லீக் சம்பியனாக்கியவர். அவரைக் கேரளா பிளாஸ்டர்ஸ் உடனே எடுத்தது (ஸ்பானியர், ஒரே வருடத்தில் கதவு திறந்தது, அதையும் குறித்து வையுங்கோ). 2021 பெப்ரவரியில் ஹைதராபாத்திடம் 0-4 வாங்கிய கையோடு அனுப்பிவிட்டார்கள். அப்போ கீழ் லீக்கில் தாக்குவது வேறு, மேலே தாக்குவது வேறு என்பது சரிதானே?

பாதி சரி. மேலே போகப் போக எதிரணி உன் ஒரு பிழையையும் மன்னிக்காது. உயரத்தில் நிற்கும் பின்கள வரிசைக்குப் பின்னால் வெட்டவெளி கிடக்கிறது என்றால் ஐ-லீக்கில் ஒருவர் அதைக் காண்பார், சுப்பர் லீக்கில் நான்கு பேர் காண்பார்கள். ஆனால் பிளாஸ்டர்ஸ் அதற்கு முந்தைய பருவத்திலும் பயிற்றுநரை மாற்றியது, அதற்கு முந்தைய பருவத்திலும் மாற்றியது. வருடத்துக்கு ஒருவரைத் தின்கிற கழகத்தில் ஒருவர் தோற்றதை வைத்துக் கொள்கையை எடைபோட முடியாது.

கிபுவைக் காட்டுகிறவர்கள் செர்ஜியோ லொபேராவை ஏன் காட்டுவதில்லை? கோவாவில் மூன்று பருவம், முதல் பருவத்திலேயே 18 லீக் ஆட்டத்தில் 42 கோல். அரையிறுதியில் சென்னையினிடம் விழுந்தார். அடுத்த பருவம் இறுதிவரை போய் மேலதிக நேரத்தில் பெங்களூரிடம் 0-1. “அழகா விளையாடுவார், கிண்ணம் எடுக்கமாட்டார்” என்ற முத்திரை குத்தியாச்சு. 2020 ஜனவரி முடிவில் கோவா பட்டியலின் முதலிடத்தில் இருக்கும்போதே அவரை நீக்கினார்கள். அவர் கட்டிய அணி அந்தப் பருவ லீக்கில் 46 கோல் அடித்துக் கேடயத்தை வென்றது, அவர் அங்கே இல்லை. அடுத்த பருவம் மும்பை சிற்றி அவரைக் கூப்பிட்டது. லீக் கேடயமும் கிண்ணமும் ஒரே பருவத்தில். சுப்பர் லீக்கில் அதுவரை எவரும் செய்யாதது. 2020 ஜனவரியில் ‘தயாரில்லை’, 2021 மார்ச்சில் ‘மேதை’. இடையில் அந்த மனிசன் என்ன புதுசாய்ப் படிச்சவர்?

சரி, அஞ்சிடம் திரும்புவோம். டொட்டன்ஹாமில் 2024-25இல் 17ஆம் இடம், 38 ஆட்டத்தில் 22 தோல்வி. இதை எங்களால் நியாயப்படுத்த ஏலாது. காயங்கள் இருந்தன, ரொமேரோவும் வான் டி வெனும் நீண்ட நாள் இல்லை. இருந்தாலும் 22 தோல்வி 22 தோல்விதான். ஆனால் அவர்மீது வைத்த பிரதான குற்றச்சாட்டு என்ன? ‘மாறத் தெரியாதவர், ஒன்பது பேரோடும் பின்களத்தை நடுக்கோட்டில் நிறுத்துகிற விசரர்.’ 2023 நவம்பரில் செல்சியோடு அப்படி நின்று 1-4 வாங்கியது உண்மை. அதே ஆள்தான் 2025 மே 21 பில்பாவோவில், யூரோப்பா லீக் இறுதியில், பந்தை மான்செஸ்டர் யுனைற்றட்டிடமே விட்டுவிட்டுப் பின்னால் இறங்கி நின்று 1-0 என்று வென்றார். 2008க்குப் பிறகு டொட்டன்ஹாமின் முதல் கிண்ணம். மாறிக் காட்டினார். பதினாறே நாளில் அனுப்பிவிட்டார்கள். மாறாவிட்டால் விசரர், மாறினால் ‘தன் கொள்கையையே கைவிட்டவர்’. இந்தப் பரீட்சைக்குச் சித்தி என்றொரு பெறுபேறே கிடையாது.

இதெல்லாம் எங்களுக்கு ஏன் என்று கேட்பியள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு லண்டனுக்கும் கோவாவுக்கும் வக்காலத்து வாங்க எங்களுக்கும் விருப்பமில்லை. ஆனால் இதே தீர்ப்பு எங்கட ஊர் மைதானங்களில் ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதப்படுகிறது. எங்கட போட்டிகள் பெரும்பாலும் விலகல் முறை: ஒரு ஞாபகார்த்தக் கிண்ணம், வெளிநாட்டில இருக்கிற ஊர்ச்சனத்தின் பணப்பரிசு, சுருக்கிய நேரம், சமன் என்றால் நேரே தண்ட உதை. ஒருக்கால் தோற்றால் அந்தக் கிண்ணம் முடிஞ்சுது. அப்போ எந்தப் பயிற்றுநர் பதினாறு வயதுப் பொடியனிடம் ‘பந்தைக் காலில வைச்சிரு, திரும்பு, முன்னுக்குப் பார்’ என்று சொல்லுவார்? வெட்டி அடி, நேரத்தைக் கடத்து, உதைக்குக் கொண்டுபோ. போட்டியின் அமைப்பே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் (பெயரும் வேண்டாம், கழகமும் வேண்டாம்) பொடியளைத் தரையோடு பந்து கடத்தி விளையாடப் பழக்கினார். சம்பளம் என்று ஒன்றுமில்லை, தன் மோட்டார்சைக்கிளுக்குத் தானே பெற்றோல் அடித்து வந்தவர். ஒரு கிண்ணத்தின் முதல் சுற்றிலேயே 3-4 என்று தோற்றார்கள். அந்த மைதானத்தில் அவ்வளவு நல்ல ஆட்டத்தை நாங்கள் கண்டதில்லை. ஆட்டம் முடிந்து வேலியோரம் நின்ற பெரியவர் ஒருவர் கழகச் செயலாளரிடம் சொன்னது: “தம்பி நல்லவர்தான், ஆனா பெரிய கழகத்துக்கு இன்னும் காணாது.” அடுத்த கிண்ணத்துக்கு வேறு ஆள் வந்தார். அந்த அணி பிறகு தண்ட உதையில் இரண்டு சுற்றுத் தாண்டியது, எல்லாருக்கும் சந்தோஷம். அவர் பழக்கிய இடதுபக்கப் பொடியன் இப்போது விளையாட வாறேல்லை.

கோயம்புத்தூர்க் கதையின் மிச்சத்தையும் சொல்லவேண்டும். அக்பர் நவாஸ் 2020இல் போனார். 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிற்றி என்ற பெயரே இல்லை. தயாரில்லாமல் இருந்தது ஆர் எண்டு நீங்களே சொல்லுங்கோ.

எங்கட ஊர்க் கழக நிர்வாகத்தில் இருக்கிற அண்ணைமாரிடம் ஒரே ஒரு கேள்விதான் வைக்கிறோம். வருகிற வருடக் கிண்ணத்தில் முதல் சுற்றைக் குழுநிலையாக வைக்க ஏலுமோ? ஒரு குழுவில் நான்கு அணி, ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டம். மைதானம் இன்னும் இரண்டு வார இறுதிக்குத் தேவைப்படும், நடுவருக்கும் மின்னொளிக்கும் செலவு கூடும். பரிசுப் பணத்தில் கொஞ்சத்தைக் குறைத்து அதுக்குப் போடுங்கோ. சனிக்கிழமை 3-4 என்று தோற்றவருக்கு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஆட்டம் இருக்கட்டும்.