லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றின பிறகு

கித்துல்கலயில படகுல ஏறுறதுக்கு முன்னாடி வழிகாட்டி கேட்ட முதல் கேள்வி: "பீனன்ன புளுவந்த?" நீந்தத் தெரியுமா? நாங்க ஆறு பேர். ஒரு கைகூட எழும்பல. ஆறு பேருமே யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயங்கள்ல, களனி கங்கைக்குப் போற ஓடைகளோட சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவங்க.

அவர் சிரிக்கல. ஒவ்வொருத்தரோட லைஃப் ஜாக்கெட் பட்டியையும் இழுத்துப் பார்த்தார். விழுந்தா மல்லாந்து மிதக்கணும், கால் ரெண்டையும் முன்னுக்கு நீட்டிக்கணும். எழும்பி நிக்கப் பார்த்தா கல்லிடுக்குல கால் மாட்டும், தண்ணி அமுக்கிடும்னு சொன்னார். இருபது வயசு தாண்டின எங்களுக்கு ஆற்றைப் பத்தி யாரோ சொல்லித்தந்த முதல் பாடம் அதுதான். வீட்டுல கேட்டது ஒன்றே ஒன்று: "ஆத்துப் பக்கம் போகாத."

பயணம் அருமை. 'ஹெட் சாப்பர்' பாய்ச்சல்ல முன்னால இருந்த நண்பன் என் மடியில வந்து விழுந்தான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிடுச்சி. காசு சேர்த்து ஒரு தடவையாவது போங்க என்றுதான் உங்களுக்கும் சொல்வேன்.

ஆனா இதைக் 'காட்டாறு' என்று சொல்றதுல ஒரு பாதிதான் உண்மை. மேலே நுவரெலியா மாவட்டத்துல காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள். அதுக்குக் கீழே வரிசையா மின் நிலையங்கள். அங்கே தண்ணி திறந்துவிடுற நேரத்தைப் பார்த்துத்தான் இங்கே படகு இறங்குது. 1969ல மவுஸ்ஸாக்கலை நிரம்பினபோது பழைய மஸ்கெலியா டவுனே மூழ்கிப்போனது. தண்ணி வற்றும் காலத்துல அந்தப் பழைய கோயில் வெளியே தெரியும். எங்களைத் தூக்கிப் போட்டது அந்தத் தண்ணிதான்.

கித்துல்கலயில காட்டுற இன்னொரு இடம், 1957ல வந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' படத்துக்காகப் பாலம் கட்டி, வெடி வைத்துத் தகர்த்த இடம். கதை நடக்கிறது சயாம்-பர்மா ரயில் பாதையில. அந்தப் பாதை போட மலாயாத் தோட்டங்கள்ல இருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தாங்க. படமோ வெள்ளைக்காரக் கைதிகளோட கதை. அதை எடுத்த ஆற்றுக்குப் பக்கத்துலயும் தோட்டங்கள், அங்கேயும் நம்ம ஆட்கள்.

ஆற்றோட கதையில நாம இல்லை. சரி, ஆற்றுக்குள்ளயாவது இருக்கிறோமா? கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் சின்ன வயசுலயே பழகின சமூகம் நம்முடையது. வாசல்ல ஓடுற தண்ணியில மிதக்க நமக்கு யாரும் பழக்கல. அம்மா அப்பா ரெண்டு பேரும் விடியக்காலை மலைக்குப் போற வீடுகள்ல, பிள்ளையை யார் பார்த்துக்குவா? "போகாத" என்ற ஒரு வார்த்தைதான் அவங்களால போட முடிஞ்ச வேலி. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த வேலி பிள்ளைகளைத் தடுக்கல. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோட குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளோட செய்தி நமக்குப் புதுசில்லை. காசு கட்டிப் போற ராஃப்டிங்ல ஜாக்கெட் இருக்கு, ஹெல்மெட் இருக்கு, கயிறோட ஒருத்தர் இருக்கார். ஓடையில அது எதுவும் இல்லை. அதனால "ஜாக்கெட் இருந்தா நீச்சல் எதுக்கு?" என்ற கேள்விக்கு என் பதில்: ஜாக்கெட் ஒன்றரை மணி நேரத்துக்குத்தான்.

தோட்டத்து இளைஞர் கழகங்கள் வருசா வருசம் கிரிக்கெட் போட்டி வைக்குது. அந்தச் செலவுல ஒரு பகுதியை நீச்சலுக்கு ஒதுக்கலாம். பாடசாலைகள் கேட்கணும், பெற்றோரும் கேட்கணும். பொம்பளைப் பிள்ளைகளை விட்டுட்டுப் போகக்கூடாது. நல்லா நீந்தப் பழகினா, துடுப்போட முன்னால நிக்கிற வேலைக்கும் நம்ம பிள்ளைகள் போகலாம்.

நாங்க ஆறு பேரும் இப்போ நீச்சல் பழகுறோம். ரெண்டு பேருக்கு மிதக்க வந்திருக்கு. எனக்கு இன்னும் வரல.