தொப்புள்கொடி ரத்தமும் லாப வேட்டையும்

தனியார் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்குப் பரிசோதனைக்குப் போகும் கர்ப்பிணிப் பெண்களிடம் ஒரு புதிய வியாபாரம் நடக்கிறது. டாக்டர் அறைக்கு வெளியே வர்ணப் பிரசுரத்துடன் ஒருவர் காத்திருக்கிறார். பிறக்கப் போகும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை எங்கள் கம்பெனியிடம் ஒப்படையுங்கள், பல்லாண்டு காலம் உறைய வைத்துப் பாதுகாப்போம், நாளை உங்கள் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால் அந்த ரத்தமே அதன் உயிரைக் காக்கும் என்று ஆசை காட்டுகிறார். கட்டணம் பல்லாயிரம் ரூபாய். மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்குத் தவணை வசதியும் உண்டு.

எந்தத் தாயின் மனம்தான் பதறாது? மாதச் சம்பளக்காரர்கள் கடன் வாங்கியாவது கட்டத் துணிகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பயத்தை விதைத்துப் பணத்தை அறுவடை செய்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்: இந்த வாக்குறுதிக்கு விஞ்ஞானத்தில் ஆதாரம் எங்கே?

ரத்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை ஆதாரம் இல்லை. அது மட்டுமல்ல. அறுபது ஆண்டுகளுக்கும் மேலான ஆராய்ச்சி கண்ட உண்மை இதற்கு நேர்மாறானது.

வியாதியின் விதை

நம் ரத்தம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகிறது. அங்கே இருக்கும் ஸ்டெம் செல்கள் என்ற மூல அணுக்களே சிவப்பணு, வெள்ளணு முதலிய எல்லாவற்றையும் பெற்றெடுக்கின்றன. முதிர்ச்சி அடையாத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் ரத்தப் புற்றுநோய். கடும் மருந்துகளாலும் கதிர்வீச்சாலும் கெட்ட மஜ்ஜையை அழித்துவிட்டு, நல்ல மூல அணுக்களைச் செலுத்துவதே மாற்றுச் சிகிச்சை.

தொப்புள்கொடி ரத்தத்திலும் இந்த மூல அணுக்கள் உண்டு என்பது உண்மை. 1988-ல் பாரிஸ் நகரில் டாக்டர் எலியான் குளுக்மன் குழுவினர் இதைக் கொண்டு உலகின் முதல் மாற்றுச் சிகிச்சையைச் செய்தார்கள். கொடிய பரம்பரை ரத்தசோகை கொண்ட ஐந்து வயது அமெரிக்கச் சிறுவன் பிழைத்தான். ஆனால் அவனுக்குச் செலுத்தப்பட்டது அவனுடைய ரத்தமல்ல. புதிதாகப் பிறந்த அவன் தங்கையின் ரத்தம். முதல் வெற்றியே இன்னொருவர் கொடுத்ததால் கிடைத்த வெற்றி!

சொந்த ரத்தம் ஏன் உதவாது? லண்டனில் மெல் கிரீவ்ஸ் என்ற விஞ்ஞானியும் அவரது சகாக்களும் இதற்கு விடை கண்டார்கள். குழந்தை பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் உலர்த்திப் பாதுகாக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் பழைய அட்டைகளை எடுத்துச் சோதித்தார்கள். வியாதிக்குரிய அதே மரபணுக் கோளாறு அந்த முதல் சொட்டிலேயே இருந்தது! இந்த ஆய்வுகள் 1997-லும் 1999-லும் வெளிவந்தன. பல குழந்தைகளிடம் நோயின் முதல் விதை கருவிலேயே விழுந்துவிடுகிறது. பின்னர் வேறு மாற்றங்களும் சேரும்போது வியாதி முளைக்கிறது.

அப்படியானால் கம்பெனி உறைய வைத்திருக்கும் ரத்தத்தில் என்ன இருக்கும்? அந்த விதையும் இருக்கக்கூடும். மஜ்ஜையை அழித்துச் சுத்தம் செய்த குழந்தைக்கு அதையே திரும்பச் செலுத்துவது, களை பிடுங்கிய வயலில் அதே களை விதையைத் தூவுவதற்குச் சமம்.

அடுத்தவர் அணுவே காவல்

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. அமெரிக்காவில் டாக்டர் டோனால் தாமஸ் 1950-களில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது, நோயாளியின் ஒட்டுப்பிறப்பு போன்ற அச்சு அசலான இரட்டையரிடமிருந்து மஜ்ஜை எடுத்தார். அது உடலில் நன்றாகவே ஒட்டியது. ஆனால் 1959-ல் அவர் அறிவித்த நோயாளிகளிடம் சில மாதங்களில் வியாதி திரும்பிவிட்டது. பிந்திய ஆராய்ச்சிகள் காரணத்தைக் காட்டின. வேறொருவரின் மஜ்ஜையோடு வரும் வெள்ளணுக்கள், நோயாளியின் உடலில் ஒளிந்திருக்கும் புற்றணுக்களை அந்நியன் என்று அடையாளம் கண்டு வேட்டையாடுகின்றன. அச்சு அசலான இரட்டையரின் அணுக்களுக்கு அந்த வேற்றுமை தெரிவதில்லை. இரட்டையரிடமிருந்து பெற்றவர்களிடம் வியாதி அதிகம் திரும்புகிறது என்பதைப் பல நாட்டு நோயாளிகளின் கணக்கு 1990-ல் உறுதி செய்தது. அதே ஆண்டில் தாமஸ் நோபல் பரிசும் பெற்றார்.

இந்தக் காவலுக்கு ஒரு விலையும் உண்டு. வந்த அணுக்கள் நோயாளியின் தோல், கல்லீரல், குடல் ஆகியவற்றையும் தாக்கலாம். அந்தத் தாக்குதலை அடக்கி, புற்றணு வேட்டையை மட்டும் காப்பாற்றுவது எப்படி என்பதே இத்துறை ஆராய்ச்சியின் பெரும் பாடு. இதிலும் ஒரு நல்ல செய்தி. பாதி மட்டுமே பொருந்தும் தாயோ தந்தையோ கொடுத்த மஜ்ஜையைச் செலுத்தி, சில நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுத்தால் தாக்குதல் அடங்குகிறது என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தினர் 2000-களில் காட்டினார்கள். அது பழைய மருந்து, மலிவான மருந்து. இன்று இந்தியாவிலும் இம்முறை கையாளப்படுகிறது. பெற்ற தாயே கொடையாளியாக நிற்க முடியும் என்னும்போது, கம்பெனியின் உறைபெட்டிக்கு என்ன வேலை?

மருத்துவ உலகம் இதைச் சொல்லாமல் இல்லை. சேமித்த ரத்தம் அதே குழந்தைக்குப் பயன்படும் வாய்ப்பு 2,500-ல் ஒன்று முதல் 2 லட்சத்தில் ஒன்று வரைதான் என்று அமெரிக்க மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைச் சங்கம் 2008-ல் கணக்கிட்டது. பிற்காலச் சொந்தப் பயனுக்காகச் சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிலை. பிரான்சும் இத்தாலியும் தம் மண்ணில் இத்தகைய தனியார் வங்கிகளை அனுமதிக்கவில்லை. இங்கோ லைசென்ஸ் கொடுத்துவிட்டு, விளம்பரத்தைக் கண்டும் காணாமல் இருக்கிறார்கள்!

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஏற்கெனவே மாற்றுச் சிகிச்சை தேவைப்படும் குழந்தை இருந்தால், அடுத்துப் பிறக்கும் தம்பி தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பது நியாயமே. அது டாக்டர் ஆலோசனைப்படி குறிப்பிட்ட நோயாளிக்காகச் செய்வது. எல்லோர் தலையிலும் கட்டுவதற்கு அது சாக்காகாது.

வீணாகும் ரத்தமா?

"எப்படியும் குப்பைக்குப் போகும் ரத்தம்தானே?" என்பது அவர்களுடைய இன்னொரு வாதம். இதுவும் தவறு. பிறந்தவுடன் கொடியை அவசரமாகக் கட்டி வெட்டாமல், குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் கொடி வழியே குழந்தைக்குச் சேரும் ரத்தம், முதல் மாதங்களுக்கான இரும்புச் சத்தைக் கொடுக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. இந்த நாட்டில் கம்பெனியின் பை நிரம்ப வேண்டும் என்பதற்காகக் கொடியைச் சீக்கிரம் கட்டினால், இல்லாத வியாதிக்குப் பயந்து இருக்கும் வியாதியை வளர்த்ததாகும்.

ஒரு தாய் காட்டிய வழி

லண்டனில் ஷெர்லி நோலன் என்ற தாய் இருந்தார். அவர் மகன் அந்தோணிக்குப் பரம்பரை ரத்த வியாதி. குடும்பத்தில் யாருடைய மஜ்ஜையும் பொருந்தவில்லை. தன் மகனுக்கு மட்டும் வழி தேடாமல், அயலாருக்குக் கொடுக்க முன்வருபவர்களின் பெயர்ப் பட்டியலை 1974-ல் அந்தத் தாய் தொடங்கினார். அந்தோணிக்குப் பொருத்தமானவர் கிடைக்கவேயில்லை. 1979-ல் சிறுவன் இறந்தான். பட்டியல் இறக்கவில்லை. இன்று உலகெங்கும் அத்தகைய பட்டியல்களில் 4 கோடிக்கு மேற்பட்ட கொடையாளிகள் இருக்கிறார்கள். முகம் தெரியாதவர் கொடுத்த அணுவால் ஏராளமான குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

நம் நிலை என்ன? 140 கோடி மக்கள் உள்ள நாட்டில் பதிவு செய்தவர்கள் சில லட்சம் பேரே. அணுப் பொருத்தம் பரம்பரையாக வருவது. நம் குழந்தைக்குப் பொருத்தமானவர் நம் மக்களிடையேதான் அதிகம் கிடைப்பார். பட்டியல் சிறுத்திருக்கும் வரை அந்தக் குழந்தையின் நம்பிக்கையும் சிறுத்தே இருக்கும். சில கம்பெனிகள் இப்போது "சமூக வங்கி" என்று பெயரை மாற்றிக்கொண்டுள்ளன. பணம் கட்டிய அங்கத்தினர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. அடுத்தவர் ரத்தம்தான் உதவும் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்! ஆனால் பணம் கட்ட வழியில்லாத கூலித் தொழிலாளியின் குழந்தை அந்தச் சமூகத்தில் சேர்த்தியில்லை.

செய்ய வேண்டியது என்ன?

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் மருந்துகளாலேயே குணமாகிறது; மாற்றுச் சிகிச்சை சிலருக்கே தேவை. 1948-ல் பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி பார்பர் குழந்தைகளிடம் இந்த வியாதியை முதன்முதலாகத் தற்காலிகமாகவேனும் அடக்கிய மருந்தைத் தயாரித்தளித்த குழுவின் தலைவர் எல்லப்பிரகட சுப்பாராவ். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்த மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. ஆயினும் புற்றுநோய் வந்த குழந்தைகளில், பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமாகும்போது, ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேருக்கும் குறைவாகவே குணமாவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்த வேற்றுமை ரத்தத்தில் இல்லை, பணப்பையில் இருக்கிறது.

இந்தியாவில் இச்சிகிச்சை 1983-ல் பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் தொடங்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1980-களிலேயே வந்துவிட்டது. சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் மஜ்ஜை மாற்றுப் பிரிவு இருக்கிறது. செய்ய முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. ஆகவே சர்க்காரைக் கேட்கிறோம்:

ரத்தப் புற்றுநோயைக் காட்டிப் பயமுறுத்தும் சேமிப்பு விளம்பரங்களைத் தடை செய்! பிரசவ ஆஸ்பத்திரிகளில் இந்த வியாபாரத்துக்கு இடம் கொடாதே! கொடையாளிகள் பட்டியலை அரசுச் செலவில் கல்லூரிதோறும் தொழிற்சாலைதோறும் விரிவுபடுத்து! மாவட்ட ஆஸ்பத்திரிகளில் குழந்தைப் புற்றுநோய் மருந்துகள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்! மஜ்ஜை மாற்றுப் பிரிவுகளை அரசு ஆஸ்பத்திரிகளில் பெருக்கு!

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடையாளியாகப் பதிவு செய்ய, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தால் போதும். பொருத்தம் அமைந்து அழைப்பு வந்தால், பெரும்பாலும் கை நரம்பிலிருந்தே மூல அணுக்களைப் பிரித்தெடுப்பார்கள்; கொடுத்தது சில வாரங்களில் உடலில் மீண்டும் ஊறிவிடும். தன் ரத்தத்தைத் தனக்கென்று பூட்டி வைப்பவனை இந்த வியாதி விட்டுவைப்பதில்லை. ஒருவருக்கொருவர் கொடுக்கும் மக்களிடம்தான் அது தோற்கிறது. நம் வாலிபர்கள் அந்தப் பட்டியலில் ஆயிரக்கணக்கில் பெயர் கொடுக்கட்டும்!