வருஷத்தை மனப்பாடம் பண்ணா வரலாறு வராது

1/ அமெரிக்காவுல பத்தாம் வகுப்புப் பிள்ளை வச்சிருக்கிற அப்பா அம்மாக்களுக்கு இந்த இழை. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க. நான் குழந்தைகள் மருத்துவர்.

2/ போன ஏப்ரல்ல ஒரு பொண்ணு. நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு அம்மா கூட்டிட்டு வந்தாங்க. ஈசிஜி நார்மல். "எத்தனை மணிக்கும்மா தூங்குற?" "ரெண்டு மணி, டாக்டர்." தினமும் ரெண்டு எனர்ஜி டிரிங்க். மே மாசம் ஏபி வேர்ல்டு ஹிஸ்டரி பரீட்சையாம்.

3/ அம்மா பெருமையா சொன்னாங்க: "எந்த வருஷம் கேட்டாலும் சொல்லுவா." சரின்னு கேட்டேன். பிளேக் ஐரோப்பாவுக்கு எப்ப வந்துச்சு? "1347." டக்குன்னு பதில். எந்த வழியா வந்துச்சு, ஏன் அந்த வழி? முழிச்சா.

4/ பரீட்சை கேட்கிறதே அந்த ரெண்டாவது கேள்வியைத்தான். மங்கோலியர் ஆட்சியில இணைஞ்ச வணிகப் பாதைகள், கருங்கடல் துறைமுகங்கள், அங்கிருந்து இத்தாலிக்குப் போன கப்பல்கள். சரக்கு போன வழியில நோயும் போச்சு. இது புரிஞ்சா வருஷம் தானா நிக்கும்.

5/ கணக்கைப் பாருங்க. 55 கொள்குறி வினாவுக்கு 40%. அதுலயும் ஒரு பழைய கடிதமோ வரைபடமோ கொடுத்துத்தான் கேட்பாங்க. மீதி 60% எழுத்து: குறுவிடை 20, ஆவணக் கேள்வி 25, கட்டுரை 15. ஆவணக் கேள்வியில 7 ஆவணம் தருவாங்க. எழுதினவர் யார், யாருக்காக, எதுக்காக எழுதினார்னு பார்த்து, ஒரு வாதம் வைக்கணும்.

6/ நாங்க நோயாளிகிட்ட ஹிஸ்டரி எடுக்கிறதும் இதேதான். யார் சொல்றாங்க, எதை மறைக்கிறாங்க, ஏன்? இதைக் கேட்காம மருந்து எழுதுற டாக்டர்கிட்ட நீங்க போவீங்களா?

7/ தூக்கம். 13 முதல் 18 வயசுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேணும். பகல்ல படிச்சது மூளையில பதியிறதுக்குத் தூக்கம் அவசியம். ரெண்டு மணி வரைக்கும் படிக்க வைக்கிறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற வேலை. எனர்ஜி டிரிங்க் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்லியாச்சு.

8/ "நாங்களும் உருப்போட்டுத்தானே வந்தோம்?" வந்தோம். அந்தப் பரீட்சை வேற. 2006ல ரோடிகர், கார்ப்பிக் ரெண்டு பேரும் ஓர் ஆய்வு பண்ணாங்க. திரும்பத் திரும்பப் படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு முன்னாடி இருந்தாங்க. ஒரு வாரம் கழிச்சு, புத்தகத்தை மூடி வச்சு ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்த்தவங்கதான் ஜெயிச்சாங்க.

9/ அதனால: பழைய எழுத்து வினாக்களும் மதிப்பெண் வழிகாட்டியும் காலேஜ் போர்டு தளத்துல இலவசமா இருக்கு. வாரம் ஒரு ஆவணக் கேள்வி, கடிகாரம் வச்சு 60 நிமிஷம். அப்புறம் அவங்களே திருத்தட்டும். பத்தரைக்கு விளக்கை அணைங்க.

10/ "காலேஜ் கிரெடிட் போயிடுமே டாக்டர்?" போனா ஒரு பாடத்தைக் கல்லூரியில படிச்சுக்கலாம். 15 வயசுல "நான் தூங்கினா தோத்துடுவேன்"னு ஒரு பிள்ளை நம்ப ஆரம்பிச்சா, அதை மாத்த என்கிட்ட மாத்திரை இல்லை.

11/ இன்னைக்கு ராத்திரி "எத்தனை பக்கம் முடிச்ச?"ன்னு கேட்காதீங்க. "இன்னைக்குப் படிச்சதுல ஏன்னு ஒண்ணு சொல்லு"ன்னு கேளுங்க. சொல்லி முடிச்சதும் தூங்கச் சொல்லுங்க.