பத்தியத்தில் தயிரும் பாலாடைக்கட்டியும்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகச் சென்று, கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறினால் பொன்முடியை அடையலாம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரமுள்ள இம்மலையில் மூடுபனியும் தேயிலைத் தோட்டங்களும் உண்டு. பெரிய மருத்துவமனை வேண்டுவோர் மலையிறங்கியே செல்ல வேண்டும். குடல் நோய்க்காக அவ்வாறு சென்று திரும்புவோரின் கையில் பல வேளைகளில் ஓர் அச்சிட்ட உணவுத்தாள் இருக்கும். "பால் பொருள்களைத் தவிர்க்கவும்" என்பது அதில் தவறாமல் காணப்படும் ஒரு வரி. அன்றே அவ்வீட்டில் நோயாளிக்குத் தயிர் நின்றுவிடுகிறது; மோர் நின்றுவிடுகிறது; நெய்யும் விலக்கப்படுகிறது. பால் கலந்த தேநீர் மட்டும் நிற்பதில்லை. அதனைப் பால் பொருளாக எவரும் எண்ணுவதில்லையன்றோ!

இவ்வொரு வரி விளைவிக்கும் தீங்கு சிறிதன்று. நோயினால் உடல் மெலிந்த ஒருவரிடமிருந்து, எளிதில் கிடைக்கும் புரதத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் அது பறித்துவிடுகிறது. பாலும் தயிரும் பாலாடைக்கட்டியும் ஒன்றல்ல என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் எடுத்துரைக்காவிடில், வேறு எவர் எடுத்துரைப்பர்?

பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கும் லாக்டேஸ் என்னும் நொதி அதனை இரண்டாகப் பிளந்தால்தான் உடல் அதனை ஏற்கும். நொதி குறைந்தால் லாக்டோஸ் செரியாமலே பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்க வைக்கின்றன. வயிற்று உப்பசமும் இரைச்சலும் கழிச்சலும் தோன்றுகின்றன. இக்குறை இருவகைப்படும். குழந்தைப் பருவம் கடந்தபின் நொதி இயல்பாகவே குறைவது ஒன்று. குடற்சுவர் நோயினால் புண்பட்டு, தற்காலிகமாக நொதியை இழப்பது மற்றொன்று. குடல் தேறியதும் இது பெரும்பாலும் நீங்கிவிடும்.

முதல் வகையைப் பற்றித் திருவனந்தபுரம், பாண்டிச்சேரி, புது தில்லி ஆகிய இடங்களில் நடைபெற்ற ஓர் ஆய்வு 1981ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தென்னாட்டு மையங்கள் இரண்டிலும் சோதிக்கப்பட்ட நலமுள்ளோருள் 66.6 விழுக்காட்டினருக்கு லாக்டோஸ் ஒவ்வவில்லை. தில்லியில் இது 27.4 விழுக்காடே. இதைப் படித்துவிட்டுத் தென்னாட்டாருக்குப் பாலே ஆகாது என்று முடிவு கட்டுவோர் உளர். அது தவறு. இத்தகைய சோதனைகளில் வழக்கமாக 50 கிராம் லாக்டோஸ் ஒரே தடவையில் புகட்டப்படுகிறது. ஏறக்குறைய ஒரு லிட்டர் பாலில் உள்ள அளவு அது. நொதி குறைந்தவருள்ளும் மிகப் பலர் 12 கிராம் வரை, அதாவது ஒரு பெரிய குவளைப் பால் வரை, தொல்லையின்றி ஏற்கின்றனர். மூவருள் இருவருக்கு இக்குறை காணப்பட்ட இதே நாட்டில்தான் தயிர்ச்சோறு அன்றாட உணவாக நிலைத்திருக்கிறது.

அதற்குக் காரணமும் உண்டு. 100 கிராம் பசும்பாலில் ஏறத்தாழ 4.7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. உறையூற்றியதும் நுண்ணுயிர்கள் அதில் நான்கில் ஒரு பங்கையோ சற்று அதிகமாகவோ உண்டு, புளிப்பு அமிலமாக மாற்றுகின்றன. எஞ்சியது இன்னும் மிகுதியே. ஆயினும் அந்நுண்ணுயிர்கள் தம்முள் லாக்டேஸைத் தாங்கிக் குடலுக்குள் சென்று, அங்கும் அவ்வேலையைத் தொடர்கின்றன. 1984ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதனை மனிதரிடம் சோதித்துக் காட்டினர். தயிர் தன்னைத் தானே செரித்துக்கொள்ளும் உணவு என்பது அவர்கள் கண்ட முடிபு. எனவே உயிருள்ள தயிருக்கே இச்சிறப்பு உரியது. கொதிக்க வைத்த மோர்க்குழம்பிலும் புளிசேரியிலும் நுண்ணுயிர்கள் மடிந்துவிடுகின்றன. அவற்றை விலக்க வேண்டுவதில்லை. ஆனால் தயிரின் நன்மையை அவற்றில் எதிர்பார்த்தல் ஆகாது. ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு நீர் சேர்த்த மோரில், ஒரு குவளைக்கு இரண்டு கிராமளவு லாக்டோஸே தேறும். நோயிலிருந்து மீள்வோர் தொடங்குதற்கு இதனினும் எளிய உணவு அரிது.

பொன்முடி போன்ற இடங்களில் ஒரு தொல்லை உண்டு. குளிரில் தயிர் எளிதில் உறைவதில்லை. மாலையில் உறையூற்றிய பால் விடியலிலும் இளகியே கிடக்கும். உறையாத இதனைத் தயிரென்று கொடுத்தால், நோயாளி உண்பது பெரும்பாலும் பாலே. பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்பின் அருகில் வைத்து, நன்கு உறைந்து புளிப்பேறிய பின்னரே கொடுத்தல் நன்று. மேல்நாட்டில் எலேன் காட்சால் என்னும் அம்மையார் பரப்பிய பத்திய முறையில் 24 மணி நேரம் புளிக்க வைத்த தயிர் வற்புறுத்தப்படுகிறது. அது வெதுவெதுப்பான சூட்டில் கழியும் 24 மணி. மலைக்குளிரில் கழியும் 24 மணியன்று. அன்றியும், கிரோன் நோயாளர் 194 பேரிடம் இப்பத்தியத்தையும் மத்தியதரைக் கடல் நாட்டு உணவு முறையையும் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஆறு வாரங்களில் இரண்டின் பலனும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கடும் பத்தியமே சிறந்த பத்தியம் என்னும் எண்ணத்திற்கு அதில் ஆதரவில்லை.

இனிப் பாலாடைக்கட்டி. இப்பெயரே குழப்பத்திற்கு வித்து. காய்ச்சிய பாலின் மேற்படியும் ஆடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆயினும் "பாலாடை" என்று கேட்டவுடன் அதனையே நினைப்பவர் பலர். மொழிபெயர்த்த உணவுத்தாள்களில் "சீஸ்" என்றே எழுதிவிடுவது நலம். பாலைத் திரித்து, நீரை வடித்து, எஞ்சிய கட்டியை மாதக்கணக்கில் பதப்படுத்துவது செடார் போன்ற கடின சீஸ். லாக்டோஸில் பெரும்பகுதி நீரோடு போய்விடுகிறது. மீந்ததை நுண்ணுயிர்கள் உண்டுவிடுகின்றன. இறுதியில் அநேகமாக ஒன்றுமில்லை. பனீர் பதப்படுத்தப்படுவதில்லை, ஆதலால் அதில் சிறிது லாக்டோஸ் தங்கும், ஆயினும் பாலைவிடக் குறைவே. கடைகளில் விற்கும் பதனிட்ட சீஸில் பால் பொடி சேர்ப்பதுண்டு. பழச்சுவையூட்டிய தயிர்க் கிண்ணங்களில் சர்க்கரை மிகுதி. உறையில் அச்சிட்ட சேர்மானப் பட்டியலைப் படித்தே வாங்குதல் வேண்டும். தோட்டத் தொழிலாளியின் வீட்டிற்குச் சீஸ் இன்றியமையாததன்று. தயிரும் மோரும் கேழ்வரகும் அதன் இடத்தை நிரப்பும்.

இதுகாறும் கூறியவை லாக்டோஸ் ஒவ்வாதவருக்கே பொருந்தும். பாற்புரத ஒவ்வாமை உடையவருக்குத் தயிரும் ஆகாது, சீஸும் ஆகாது. கணைய நோயாளர் நிலை வேறு. கேரளத்தில் இந்நோய் நெடுங்காலமாகக் காணப்படுவது, டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் இதனை விரிவாக ஆராய்ந்து 1968இல் நூலாகவே வெளியிட்டார். இவர்களுக்கு இடர் தருவது கொழுப்பு. செடார் சீஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. வெண்ணெய் எடுத்த மோரிலோ அது சொற்பம். லாக்டோஸ் ஒவ்வாதவருக்கு நல்லதென்ற சீஸே இவர்களுக்குத் தீதாகிறது. நெய்யும் அவ்வாறே, அதில் லாக்டோஸ் இல்லை, கொழுப்பன்றி வேறொன்றும் இல்லை.

மலத்தில் இரத்தம், நீடித்த காய்ச்சல், எடை குறைதல் ஆகியவை லாக்டோஸால் வருவனவல்ல. குடற்காசமும் கிரோன் நோயும் மருத்துவரையே மயக்கும் அளவுக்கு ஒத்த குறிகளை உடையவை. இக்குறிகள் உடையவரிடம் தயிரைப் பற்றிப் பேசிப் பொழுது போக்காது, அன்றே மலையிறக்கி மருத்துவரிடம் அனுப்புதல் களப்பணியாளரின் கடமை.

வளர்ந்தோருக்கு நாள்தோறும் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தது. தயிரை இழந்த எளிய குடும்பத்தினர் அதனை எங்ஙனம் ஈட்டுவர் என்பதை உணவுத்தாள் எழுதுவோர் எண்ணுதல் வேண்டும். "பால் பொருள்கள்" என்னும் பொதுச்சொல்லை நீக்கி, பால், தயிர், மோர், பனீர், சீஸ், நெய் என ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி, எது எவ்வளவு என்று குறிப்பது கடினமன்று. தாளில் ஐந்தாறு வரிகளே கூடும். விலக்கு எந்நாள் வரை என்பதையும் எழுதி, மறுபடி வரவேண்டிய தேதியை அதன் அடியில் குறித்தல் வேண்டும்.